செருப்பு கழன்றது தெரியவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 61. சர்க்கரை வந்து 16 வருடம் ஆகிறது. வலது கையைத் தூக்கிப் பின்னல் போட முடியவில்லை. காலையில் விரல் மடங்கிக்கொண்டு நிமிர மறுக்கிறது. கோலம் போட உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். ராத்திரியில் பாதம் எரிகிறது. போன வாரம் கடைக்குப் போகும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நடந்திருக்கிறேன்; பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துவந்து கொடுத்துச் சிரித்தான். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, பாதியாகக் குறைத்துவிட்டேன். நாத்தனார் சாப்பிடும் நரம்பு மாத்திரையை நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன். குளிக்க, உடுத்த மருமகள் கையை எதிர்பார்க்கும் நிலை வந்துவிடுமோ? சர்க்கரை நோய்க்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் தருவார்களா?

பதில்: அந்தச் செருப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் அதை வேடிக்கை போல எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி அது ஒன்றுதான்.

செருப்பு கழன்றால் அடுத்த அடியிலேயே தெரிய வேண்டும். தரை சுடும், கல் குத்தும். தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. "எரிகிறதே டாக்டர், உணர்ச்சி இல்லாமலா எரியும்?" என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்பதுதான். பழுதான நரம்பு ஒன்றுமில்லாததற்கு எரியும். ஆணி ஏறினால் வாயைத் திறக்காது. இரண்டும் ஒரே காலில் நடக்கும். எரிச்சல் உள்ளவர் வைத்தியம் தேடி வந்துவிடுகிறார். மரத்துப்போனவர் வருவதில்லை, அவருக்குத்தான் வலிக்கவில்லையே. புண் அழுகி வாடை வந்த பிறகு வீட்டார் கூட்டிவருவார்கள்.

என்னிடம் வந்த ஒருவர் சாக்ஸைக் கழற்றியபோது ரத்தக் கறை. ஷூவைக் கவிழ்த்துத் தட்டினால் பேரனுடைய பொம்மைக் காரின் சக்கரம் விழுந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார்.

இது நம் ஊருக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு வைத்தியம் பார்த்த பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயங்கள்தான் அவற்றைத் தின்கின்றன என்று எடுத்துக்காட்டினார். பிற்பாடு அமெரிக்காவுக்குப் போய் அதையே சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் சொன்னார். அன்று தொழுநோயாளிகளுக்குக் கொடுத்த எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பைத்தான் இன்று உங்களுக்கும் எழுதித்தருகிறோம். பின்பக்கம் வார் வைத்ததாக வாங்குங்கள். வீட்டுக்குள் நடக்கவும் தனியாக ஒரு ஜோடி வேண்டும். வெறுங்கால் வேண்டவே வேண்டாம். உச்சி வெயிலில் கோயில் பிராகாரம் சுற்றாதீர்கள். அம்மன் சாயங்காலமும் அங்கேதான் இருப்பாள்.

இந்த வாரமே சர்க்கரை மருத்துவரிடம் போய்க் காலைக் காட்டுங்கள். ஒரு நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. இசைக்கவை என்ற கவட்டைக் கம்பியை அதிரவிட்டுப் பெருவிரலில் வைப்பார்கள். பாதத்தில் நாடி பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலைதான். அங்கே செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை என்றால் நீங்களே கழற்றிவிடுங்கள். புண், கொப்புளம், அல்லது ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருப்பது, இதில் எது வந்தாலும் வலிக்கிறதா என்று பார்க்காமல் அன்றைக்கே போக வேண்டும். எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, ஆணிக்காலை பிளேடால் செதுக்குவது, ஆணி பிளாஸ்திரி ஒட்டுவது எல்லாவற்றையும் இன்றோடு விடுங்கள்.

அப்புறம் நாத்தனார் மாத்திரை. பெயரை எழுதவில்லை, ப்ரீகாபலின் வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். எரிச்சலைக் குறைக்கும், போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. தூக்கமும் தலைசுற்றலும் வரும். மரத்த காலும் சுற்றுகிற தலையுமாக ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் என்ன ஆகும்? நீங்கள் பயப்படுகிற, பிறர் கையை எதிர்பார்க்கும் அந்த நிலை பல சமயம் இடுப்பெலும்பு முறிந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அட்டையை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்போம், மிகவும் தளர்ந்தால் நிறுத்துவோம். அதை கிரியேட்டினின் என்ற, கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை பார்த்து முடிவு செய்வது எங்கள் வேலை, வீடியோ போடுகிறவர் வேலையில்லை. வருடக்கணக்கில் சாப்பிட்டால் அது உண்மையிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு: உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம். அந்தக் குறையே காலை மரத்துப்போக வைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். இதை அந்த வீடியோக்காரர் சொன்னாரா? கிரியேட்டினினோடு பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையைப் பாதியாக்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால் கூடியிருக்கும் சர்க்கரையைப் பார்த்து அவர் இன்னொரு மாத்திரை சேர்ப்பார்.

தோளும் விரலும் தொல்லைதான், ஆபத்தில்லை. பல வருடச் சர்க்கரை நோய், மூட்டுகளைச் சுற்றியுள்ள சதையையும் நாரையும் விறைக்க வைக்கிறது. கை கூப்பிப் பாருங்கள், உள்ளங்கையும் விரல்களும் ஒட்டாமல் நடுவில் சந்து தெரியலாம். இப்படித் தூக்க முடியாமல் விறைத்த தோளை 'உறைந்த தோள்' என்போம்; அது வருடக்கணக்கில் இழுத்தாலும் பெரும்பாலும் மெல்ல இளகும். பிசியோதெரபியை விடாமல் செய்யுங்கள். ரவிக்கைக்கு முன்பக்கம் கொக்கி வைத்துத் தைக்கக் கொடுங்கள். மடங்கும் விரலுக்கு ஒரு ஊசி போதுமானதாக இருக்கலாம், ஆனால் அது ஸ்டீராய்டு. போட்ட சில நாள் சர்க்கரை ஏறும், பதறாதீர்கள்.

கோலத்திலிருந்து எழ முடியாததற்குத் தொடையில் பலமில்லாததும் ஒரு காரணம். கையை மார்பில் கட்டிக்கொண்டு, சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் தளர்ந்திருக்கிறது. சோதனையே பயிற்சியும்தான், தினம் இரண்டு வேளை செய்யலாம். தட்டில் சோற்றைக் குறைத்து முட்டையோ சுண்டலோ பயறோ கூட்டுங்கள்; கிட்னி ரிப்போர்ட் வந்ததும் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

சான்றிதழ் கிடைக்காது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, சர்க்கரை நோய் அதில் இல்லை. சர்க்கரையால் காலை எடுக்க நேர்ந்து அல்லது பார்வை போய், குறைபாடு 40 சதவீதத்தை எட்டினால்தான் சலுகைகளுக்குக் கணக்கு. உங்களுக்கு அது தேவைப்படக் கூடாது. கண் விழித்திரையைக் கடைசியாக எப்போது காட்டினீர்கள்? வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.

மருமகள் கையை இப்போதே ஒரு நிமிடத்துக்குக் கேளுங்கள். ராத்திரி படுக்கும் முன் உங்கள் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் அவர் பார்க்கட்டும். வெட்கமாக இருந்தால் போனில் படமெடுத்து நீங்களே பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது கழன்று விழுந்த அந்தச் செருப்பையும் ஜோடியோடு கொண்டுபோங்கள். எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் பாதத்தில் எங்கே அழுத்தம் அதிகம் விழுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.