கலுங்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறேன். 22 பிள்ளைகளில் 9 பேர் இன்னும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் முதல் படியான ‘அரும்பு’ நிலையிலேயே இருக்கிறார்கள். தமிழ் வாசிப்புக்கு நேரம் போதவில்லை. அதனால் இரண்டு மாதமாகச் சமூக அறிவியல் பாடவேளைகளையும் தமிழுக்கே எடுத்துக்கொள்கிறேன். பரீட்சைக்கு முன் கேள்வி பதிலை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்துவிடலாம் என்று எண்ணம். ஒரு வாரத்தில் வாசிப்பு, மொழி, சமூக அறிவியல் மூன்றுக்கும் நேரத்தை எப்படிப் பிரிப்பது? வீட்டில் செல்போன், பெற்றோருக்கு ஆங்கிலவழி ஆசை வேறு. சில பிள்ளைகள் என்ன செய்தாலும் தேறாது என்று தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ‘தேறாது’ என்று இனி எந்தக் குழந்தையைப் பற்றியும் எழுதாதீர்கள். ஒன்பது வயதில் ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பு எழுத உங்களுக்கும் எனக்கும் என்ன உரிமை? இரண்டு வகுப்பை ஒற்றை ஆளாய்ச் சுமக்கும் களைப்பில் வந்த சொல் என்று தெரிகிறது. என் அக்கா முப்பது வருடம் இதே வேலை பார்த்தவர். சாயங்காலம் வீடு திரும்பியதும் அவர் திண்ணையில் கால் நீட்டி உட்காரும்போது முகம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சொல் வேண்டாம்.

செல்போன், ஆங்கிலவழி இரண்டையும் விட்டுவிடுவோம். எல்லோரும் பேசித் தீர்த்த சங்கதி.

சமூக அறிவியலை எடுத்தது தப்பு. வாசிப்பு வர வேண்டும் என்றுதான் எடுத்தீர்கள். வாசிப்பு வருகிற வழிகளில் ஒன்றையே அடைத்துவிட்டீர்கள். எழுத்துக்கூட்டத் தெரிய வேண்டும், அதற்குத் தனி நேரம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 247 எழுத்தும் தெரிந்த பிள்ளை ‘கலுங்கில் தண்ணீர் விழுகிறது’ என்பதைப் பிசகாமல் படித்துவிட்டு, கலுங்கு என்றால் கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் என்று தெரியாமல் விழித்தால், அது என்ன வாசிப்பு?

1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேர். பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு கட்டத்தை விவரிக்கும் பத்தியைப் படிக்கக் கொடுத்து, படித்ததை மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். நன்றாக வாசிப்பார்கள், ஆட்டம் தெரியாது என்ற பிள்ளைகளைவிட, வாசிப்பில் மட்டம், ஆட்டம் தெரியும் என்ற பிள்ளைகள் சரியாக நகர்த்தினார்கள். விஷயம் தெரிந்த இடத்தில் வாசிப்பு பிடிபட்டுவிடுகிறது. அதே நாட்டில் 2020-இல் ஃபோர்டாம் என்ற கல்வி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வும் உங்கள் கேள்வியையே தொடுகிறது. தொடக்கப் பள்ளியில் சமூக அறிவியலுக்குக் கூடுதல் நேரம் கிடைத்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் வாசிப்பில் முன்னேறியிருந்தார்கள். மொழிப்பாடத்துக்குக் கூட்டிய நேரத்தால் அப்படி ஒரு பலன் தெரியவில்லை.

இந்த ஆய்வுகளெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரியவந்தவை. நான் இதை நேரில் பார்த்தது 1974-இல், சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில், நான்காம் வகுப்பில்.

எங்களோடு ஒருவன் படித்தான். அவன் அப்பா கண்மாயில் நீர்பாய்ச்சி, மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவர். வாசி என்றால் தலையைக் கவிழ்த்துக்கொள்வான். நாங்கள் சிரிப்போம். அந்த ஐப்பசியில் கண்மாய் பெருகியது. வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களைக் கரைமேல் கூட்டிப்போனார். அங்கே வாத்தியாருக்குப் பாடம் எடுத்தது அவன்தான். எந்த மடையை முதலில் திறக்க வேண்டும், கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும், கலுங்கில் விழும் தண்ணீர் எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகும் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னான்.

மறுநாள் கரும்பலகையில் அவன் பேச்சு அப்படியே இருந்தது. ‘மேலமடையத் தொறந்தா மொத வயலுக்குப் போகும். கலுங்கு விழுந்தா அடுத்த ஊருக்குப் போகும்.’ வாத்தியார் அவனைக் கூப்பிட்டார். சொல்லுக்குக் கீழே விரலை வைத்து நகர்த்தினான். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்புத்தூள். ‘கலுங்கு’ என்பதை எழுத்துக் கூட்டாமலே படித்தான். ‘அடுத்த’ என்ற இடத்தில் நின்றுவிட்டான். வாத்தியார் எடுத்துக்கொடுக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்.

அந்த ஒரு மணி நேரத்தை எந்தப் பாடக் கணக்கில் எழுதுவீர்கள், தமிழிலா, சமூக அறிவியலிலா?

கேள்வி பதில் எழுதிப்போடும் யோசனைமீது எனக்குக் கோபமே வந்தது. ‘மருதம், வயலும் வயல் சார்ந்த இடமும்’ என்று ஒப்பிக்கிற பிள்ளையின் காலில் வயல்சேறு ஒட்டியிருக்கும். அந்த வரி சொல்வது தன் வீட்டு வாசலைத்தான் என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்ல வேண்டாமா? அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறோம்?

நேரப் பங்கீடு கேட்டிருந்தீர்கள். காலையில் அரைமணி அந்த ஒன்பது பேருக்கு எழுத்து. தினமும் இருபது நிமிடம் நீங்கள் ஒரு கதையை உரக்க வாசியுங்கள், முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள். சமூக அறிவியல் பாடவேளைகளைத் திருப்பிக் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் ரேஷன் கடைப் பலகை முன்னால் நிறுத்துங்கள். அரிசி, சர்க்கரை, துவரம் பருப்பு, பாமாயில், இருப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கும். ‘இருப்பு’ என்ற சொல் ஐந்து நிமிடத்தில் பிடிபடும். இந்த அரிசி எங்கிருந்து வருகிறது என்று அவர்களே கேட்பார்கள். மற்றதை உங்கள் வசதிப்படி பிரித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அந்த ஒன்பது பேரில் ஒருவரிடம், அம்மா இன்று எந்த வேலைக்குப் போயிருக்கிறார் என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுங்கள். ‘தொறந்தா’வைத் ‘திறந்தால்’ ஆக்குவதை வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். என்ன எழுதினீர்கள், யார் வாசித்தது, எந்தச் சொல்லில் நின்றது என்று எனக்கு எழுதுங்கள்.