எடைக் குறைப்பு ஊசி: ஆய்வுகள் சொல்வது என்ன?

கேள்வி: வாரம் ஓர் ஊசி போட்டால் 15 கிலோ குறையும் என்கிறார்களே, உண்மையா டாக்டர்?

15 கிலோ அல்ல, சுமார் 15 சதவீதம். 2021-இல் வெளியான ‘ஸ்டெப் 1’ ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத, உடல் பருமன் உள்ள 1,961 பேர் பங்கேற்றார்கள். செமாகுளுடைடு என்ற இந்த வார ஊசி மருந்தைப் போட்டவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இரு தரப்புக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கிடைத்தது. ஆனால் மருந்து போட்டும் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு 5 சதவீதம்கூடக் குறையவில்லை. விளம்பரங்களில் இந்த ஏழாவது ஆள் வருவதே இல்லை.

கேள்வி: எடை குறைந்ததும் நிறுத்திவிடலாமா?

அதே ஆய்வில் ஒரு பகுதியினரை, ஊசியையும் ஆலோசனையையும் நிறுத்தியபின் ஓராண்டு கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குறைந்திருந்த ரத்த அழுத்தமும் ஏறியது. இதை மன உறுதி இல்லாமை என்று யாராவது குத்திக்காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மருந்து அடக்கி வைத்திருந்த பசி மீண்டும் தலைதூக்குகிறது, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் செலவு செய்ய முடியுமா என்று முதல் ஊசிக்கு முன்பே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: எனக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்திருக்கிறது. பலன் உண்டா?

உண்டு. ‘செலக்ட்’ ஆய்வில் 17,604 இதய, ரத்தநாள நோயாளிகள் சராசரியாக மூன்றாண்டுக்கு மேல் கண்காணிக்கப்பட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றில் ஒன்று மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 8 சதவீதம் பேருக்கும், செமாகுளுடைடு போட்டவர்களில் 6.5 சதவீதம் பேருக்கும் நேர்ந்தது. செய்தித்தாள்கள் இதையே ‘20 சதவீதம் குறைவு’ என்று எழுதின. ஆயிரம் பேரில் 15 பேர் தப்பினார்கள் என்று புரிந்துகொள்வது நல்லது. அது சிறிய பலன் அல்ல.

கேள்வி: அடுத்த ஆண்டு குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். ஊசி போடலாமா?

கர்ப்பிணிகளை இந்த ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. கருத்தரிக்க முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பாவது செமாகுளுடைடை நிறுத்த வேண்டும். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புதிய எடைக் குறைப்பு மருந்தின் ஆய்வில் சேரும்படி என் தம்பியை அழைக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. சிபுட்ரமின் என்ற எடைக் குறைப்பு மாத்திரை பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. இதய நோயாளிகளிடம் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அது கூட்டுகிறது என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியதால்தான் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களால் எத்தனையோ பேர் பிழைத்தார்கள்.

தம்பி முதலில் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்குத் தந்த எண்ணைக் கேட்கட்டும். மருந்தில்லாத ஊசி தனக்கு வர வாய்ப்பு எவ்வளவு என்றும் கேட்கட்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். அதில் வாரிசுதாரர் பெயரை நிரப்ப ஓர் இடம் இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்கு என்பதற்காக இந்தியாவின் 2019 மருந்து ஆய்வு விதிகள் கேட்கும் விவரம் அது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை பெறும் உரிமையும், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையும் அவருக்கு உண்டு. கையெழுத்திட்ட படிவத்தின் நகலைத் தர மறுக்கும் இடத்தில் சேர வேண்டாம்.