அடியும் திட்டும் இல்லாமல் தொடக்கப் பள்ளி வகுப்பை நடத்த முடியுமா? எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போவது எப்படி?

முடியும். ஆனால் ஒழுக்கம் ஒரு வேலை, எல்லாரையும் சேர்த்துக்கொள்வது இன்னொரு வேலை என்று பிரித்துக்கொண்டால் இரண்டுமே நடக்காது. வகுப்பில் தனக்கென்று ஓர் இடமும் ஒரு வேலையும் இல்லாத பிள்ளைதான் பெரும்பாலும் வம்பு செய்கிறது. நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, அடிப்பதோடு சேர்த்து மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. ‘மக்கு’ என்று கூப்பிடுவதும் இதில் அடங்கும். ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்’ என்று பெற்றோரே வந்து சொன்னாலும் நமக்கு அனுமதி கிடையாது.

சரி, பிறகு என்னதான் செய்வது? நான் முதலில் நிறுத்தச் சொல்வது, ‘பேசுறவங்க பேரைப் போர்டுல எழுது’ என்று லீடரிடம் சாக்பீஸைக் கொடுக்கும் வழக்கத்தை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் கணக்கு. அதில் ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அந்த நேரத்துக்குச் சாக்பீஸ் கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் போர்டைப் பாருங்கள், தினமும் அதே பெயர்கள். லீடரின் கூட்டாளி எவ்வளவு பேசினாலும் பெயர் வராது; நேற்று லீடரோடு சண்டை போட்டவன் தும்மினாலும் வந்துவிடும். பக்கத்தில் பெருக்கல் குறி வேறு.

அதற்குப் பதிலாக ஆளுக்கொரு வேலை. குழாயை மூடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, காலை உணவுக்குத் தட்டு எண்ணி வைப்பது. வாரம்தோறும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் நல்ல வேலை எல்லாம் ‘நல்ல’ பிள்ளைகளிடம் போய்த் தங்கிவிடும். ஓர் இடத்தில் உட்காராமல் வாசலுக்கும் வகுப்புக்கும் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு மணியடிக்கும் வேலை கொடுத்தோம். எங்கள் மணி, மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. நேரம் தவறக் கூடாதே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மணி பார்க்கும் பாடத்தில் அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஓட்டம் முழுதாக நின்றுவிடவில்லை. மணியடிக்கப் போகும் ஓட்டமாகிவிட்டது.

ஸ்டார் ஒட்டும் அட்டவணையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒரு மாதத்தில் நாலு பேருக்கு வரிசை நிறைந்திருக்கும், மற்றவர்கள் அந்தப் பக்கமே பார்க்க மாட்டார்கள். ‘குட்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘கீழே விழுந்தவனோட பையை நீ எடுத்துட்டு வந்ததைப் பார்த்தேன்’ என்று நடந்ததைச் சொன்னால் போதும். மறுநாள் இன்னும் இரண்டு பேர் பை தூக்குவார்கள்!

யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் இஷ்டத்துக்கு விடாதீர்கள். விட்டால் தெருவில் இருக்கும் சாதிப் பிரிவினை அப்படியே பெஞ்சில் வந்து உட்காரும். 2023இல் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதிப் பகையில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, அகர வரிசைப்படி உட்கார வைக்கவும் சாதியைக் காட்டக் கையில் வண்ணக் கயிறுகள் கட்டுவதைத் தடுக்கவும் 2024இல் பரிந்துரைத்தது. ஆறாம் வகுப்புக்கு மேல்தான் இந்தப் பிரச்சினை என்று நினைக்கிறவர்கள், ஒன்றாம் வகுப்பில் சாப்பாட்டு வரிசையைக் கவனிக்கட்டும். ‘அவன் பக்கத்துல உக்காரக் கூடாதுன்னு எங்க வீட்டு ஆயா சொல்லிச்சு’ என்று ஐந்து வயதுப் பிள்ளை வெள்ளந்தியாகச் சொல்லும். அதற்கு நான் பிரசங்கம் செய்வதில்லை. பிள்ளையை அதே இடத்தில் உட்கார வைத்துவிட்டு, நானும் தட்டோடு நடுவில் உட்கார்ந்துவிடுவேன். ஆயாவிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து (ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) சிறப்புப் பயிற்றுநர் வருவார். அவர் வராத நாட்களில் நாம்தான். காது சரியாகக் கேட்காத பிள்ளையை முன்னால் உட்கார வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். நாம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டிவிடும், உதடு அசைவது தெரியாது. போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினாலும் அப்படித்தான். ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் நகர்ந்து, எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசினால், ‘சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டா’ என்று பெயர் வாங்கிய பிள்ளை சட்டென்று கேட்க ஆரம்பிக்கும்.

அப்புறம் பெற்றோர். பள்ளியிலிருந்து போன் போனாலே ‘என்ன பண்ணிட்டான் டீச்சர்?’ என்றுதான் எடுப்பார்கள். ‘ஒண்ணும் பண்ணல, இன்னைக்குக் கதையை நல்லாச் சொன்னான்’ என்று ஒருமுறை சொல்லிவையுங்கள். பின்னால் ஒரு குறையைச் சொல்லும்போது அவர்கள் காது கொடுப்பார்கள்.

இத்தனைக்கும் அடங்காமல் கடிப்பது, அடிப்பது என்று இருக்கும் பிள்ளையும் உண்டு. அங்கே கண்டிப்பதற்கு முன் வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். அடி, குடி, பட்டினி என்று சந்தேகம் வந்தால் தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கத் தயங்க வேண்டாம்.