பதிவேடு யாருடையது?

அன்புள்ள ஐயா,

அயல்நாட்டு நிதியில் நடக்கும் பொதுச் சுகாதாரத் திட்டங்களை உதவி பெறும் நாடே முன்னின்று நடத்த வேண்டும் என எழுதியிருந்தீர்கள். பணம் தருபவர் கணக்குக் கேட்பது நியாயம்தானே? ஊழல் மலிந்த அரசிடம் கொடுத்தால் நோயாளிக்கு மருந்து போய்ச் சேருமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கணக்குக் கேட்பதில் தவறே இல்லை. அந்தக் கணக்கை யாருடைய ஏட்டில் எழுதுவது என்பதில்தான் சிக்கல். சிறிய சுகாதார நிலையம் ஒன்றின் செவிலியரை எண்ணிப் பாருங்கள். எச்ஐவி திட்டத்துக்கு ஒரு பதிவேடு, காசநோய்க்கு வேறொன்று, மலேரியாவுக்கு மற்றொன்று என ஒரே நோயாளியின் பெயரையும் வயதையும் மும்முறை எழுதி முடித்த பிறகே, தமக்குச் சம்பளம் தரும் அமைச்சகத்தின் மாத அறிக்கையை அவர் கையில் எடுக்கிறார்.

நிதி தருவோர் இதை அறியாதவர்கள் அல்லர். எய்ட்ஸ் பணிகளுக்கு ஒரே செயல்திட்டம், ஒரே தேசிய ஒருங்கிணைப்பு அமைப்பு, ஒரே கண்காணிப்பு முறை போதும் என 2004இலேயே ஒப்புக்கொண்டார்கள். அயலுதவியை எப்படித் தருவது, பயன்படுத்துவது என்பது குறித்த 2005இன் பாரிஸ் பிரகடனமும் உதவி பெறும் நாட்டின் தலைமையையே முதல் கோட்பாடாக வைத்தது. ஆயினும் எங்கள் பணத்தால் இத்தனை உயிர்கள் பிழைத்தன என்று தத்தம் நாடாளுமன்றத்தில் தனியே பிரித்துக் காட்டவேண்டிய கட்டாயம் இருக்கும்வரை, தனிப் பதிவேடுகளும் இருக்கத்தான் செய்யும்.

ஊழல் குறித்த உங்கள் அச்சம் பொய்யல்ல. ஆனால் அரசைச் சுற்றிக்கொண்டு போகும் பணம் அரசைத் திருத்துவதில்லை. கூடுதல் சம்பளம் காட்டி அமைச்சகத்தின் தேர்ந்த மருத்துவர்களையும் கணக்கர்களையும் திட்ட அலுவலகங்களுக்கு இழுத்துக்கொண்டு, அதை மேலும் மெலியச் செய்கிறது. 1994இன் இனப்படுகொலையில் சுகாதாரக் கட்டமைப்பு சிதைந்துபோன ருவாண்டா வேறு வழியில் சென்றது. தன் திட்டத்துக்குள் வந்து பொருந்துமாறு நிதி தருவோரை வற்புறுத்தியது. எய்ட்ஸுக்கென வந்த நிதியைக் கொண்டு பொது மருத்துவ நிலையங்களையும் வலுப்படுத்திக்கொண்டது. அங்குள்ள ஆட்சிமுறைமீது எனக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு, அது வேறு பேச்சு.

அரசுகளையும் நான் விட்டுவிடப் போவதில்லை. வரவு செலவுத் திட்டத்தில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக 2001இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் உறுதியளித்தார்கள். அந்த அளவை எட்டியவை சில நாடுகளே. தன் பணத்தைப் போடாத அரசு தலைமையைக் கோருவது எப்படி? 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் அயலுதவியைத் திடீரென நிறுத்தியபோது, திட்டச் சம்பளத்தில் இருந்த ஊழியர்கள் பல நாடுகளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய இடத்தில் அமர்த்த அந்த நாடுகளின் அமைச்சகங்கள் பலவற்றிடம் ஆளும் இல்லை, அதற்கான நிதி ஒதுக்கீடும் இல்லை.