பழைய காரைப் பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா?

பழுது பார்ப்பது என்பது தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றி வண்டியின் ஆயுளை நீட்டிப்பது. மாற்றுவது என்பது அந்த வண்டியையே கைவிட்டு வேறொன்று வாங்குவது. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், பேட்டரி, டயர் ஆகியவை தேய்வதற்கென்றே அமைந்தவை என்பதால், அவற்றுக்காகும் செலவு வண்டி முடிந்துவிட்டதன் அடையாளமன்று. உடற்கூட்டில் ஏறிய துரு அப்படிப்பட்டதன்று. கால்மிதியைத் தூக்கிவிட்டு அடித்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தும்போது அது உள்வாங்கினாலோ, ஸ்க்ரூடிரைவரால் தட்டுகையில் செதில் செதிலாக உதிர்ந்தாலோ, எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிச் செல்ல வேண்டாம் என்றே நான் சொல்வேன். மோதலின்போது நம்மைக் காப்பது அந்தக் கூடுதான். சட்டையில் பொத்தான் அறுந்தால் தைத்துக்கொள்கிறோம். துணியே நைந்துபோனால், தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மீண்டும் கிழிகிறது.

இந்தியாவில் சொந்தக் காரின் பதிவு பொதுவாக 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ஆகவே அந்தக் கெடு நெருங்கும் வண்டிக்குப் பெருந்தொகை செலவிடுமுன், அது சோதனையில் தேறுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டறிவது நல்லது.

பழுதுச் செலவு வண்டியின் விற்பனை விலையைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்; ஆனால் அச்செலவை ஒப்பிட வேண்டியது விற்பனை விலையோடு அன்று, அதே காலத்துக்கு வேறொரு காரின் கடன் வட்டி, காப்பீடு, மதிப்புச் சரிவு ஆகியவற்றால் கையை விட்டுப் போகும் தொகையோடுதான்.