கிளவுஸ் போட்டாலே கை அரிக்கிறதே!

கேள்வி: ஆறு வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கிளவுஸைக் கழற்றினால் விரல் இடுக்கெல்லாம் சிவந்து அரிக்கிறது. ஆயின்ட்மென்ட் போட்டுச் சமாளித்தேன். இப்போது பக்கத்தில் யாராவது கிளவுஸ் கழற்றினாலே தும்மல், கண்ணில் நீர். வேலையை விட வேண்டியதுதானா?
- வாசகி, மதுரை

பதில்: வேலையை விட வேண்டாம் சகோதரி, கிளவுஸை மாற்றினால் போதும். ஆனால் அந்தத் தும்மலைச் சும்மா விடாதீர்கள்.

கை அரிப்பு எல்லாமே அலர்ஜி இல்லை. ஈரம் காயாத கையில் கிளவுஸ் மாட்டி, நாள் முழுக்கச் சோப்பு போட்டுக் கழுவினாலே தோல் வெடிக்கும். அடுத்தது, ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம் மாதிரியான ரசாயனங்களால் ஓரிரு நாள் கழித்து வரும் கரப்பான் என்கிற தோல் அழற்சி. மூன்றாவதுதான் ஆபத்து: ரப்பர் பாலில் (லேட்டக்ஸ்) இருக்கும் புரதமே ஒத்துக்கொள்ளாமல், போட்ட சில நிமிடங்களிலேயே தடிப்பு, தும்மல், மூச்சிழுப்பு, சிலருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. நீங்கள் சொல்வது இந்த மூன்றாவது போலத் தெரிகிறது.

கிளவுஸைச் சட்டென்று இழுத்துக் கழற்றும்போது வெள்ளையாகப் பறக்கிறதே, சோள மாவுப் பவுடர், அதில் இந்தப் புரதம் ஒட்டிக்கொண்டு மூக்குக்குள் போகிறது. அமெரிக்காவில் 2017 ஜனவரியிலிருந்து பவுடர் கிளவுஸுக்கே தடை. அதனால் நீங்கள் மட்டும் நைட்ரைல் என்கிற, ரப்பர் பால் சேராத செயற்கை ரப்பர் கிளவுஸுக்கு மாறினால் போதாது, உங்கள் தியேட்டரில் இருக்கிற எல்லோரும் பவுடர் இல்லாத கிளவுஸ்தான் போட வேண்டும். இதை நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு ரப்பர் கிளவுஸ் வந்த கதையே ஒரு நர்ஸின் கையில்தான் தொடங்கியது: பால்டிமோரில் டாக்டர் ஹால்ஸ்டெட், கிருமிநாசினியால் புண்ணாகிப் போன கரோலின் ஹாம்ப்டனின் கைகளுக்காகத்தான் குட்இயர் கம்பெனியிடம் மெல்லிய கிளவுஸ் செய்யச் சொன்னார்.

அலர்ஜி டாக்டரிடம் ஊசிமுனைத் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். நைட்ரைல் போட்டும் அரித்தால், அதிலும் தையூரம் மாதிரியான ரசாயனங்கள் இருக்கலாம் என்பதால், அவற்றைத் தோலில் ஒட்டிவைத்து ஓரிரு நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் தேவைப்படும். வாழைப்பழம், பப்பாளி, கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா என்று கவனியுங்கள், ரப்பர் அலர்ஜிக்காரர்களுக்கு அது சகஜம். அப்புறம் முக்கியமாக, பல் பிடுங்கப் போனாலும் பிரசவத்துக்குப் போனாலும் முதலிலேயே 'எனக்கு லேட்டக்ஸ் அலர்ஜி' என்று சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள்.