எங்கிருந்து வந்தது, எதனால் வந்தது?

கேள்வி: வேளச்சேரியில் தங்கி வேலை தேடுகிறேன். போன வாரம் ஒரு நேர்காணலில் சொந்த ஊரைக் கேட்டார்கள். ‘ஐ ஆம் கமிங் ஃப்ரம் திருவாரூர்’ என்றேன். ‘இன்று காலைதான் வந்தீர்களா?’ என்றார்கள். எங்கே தவறினேன்?

பதில்: வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, பொருள்தான் மாறிவிட்டது. ‘எங்கேயிருந்து வர்றீங்க?’ என்று கிண்டி ஸ்டேஷனில் இறங்கி வருபவரிடமும் கேட்கிறோம், சொந்த ஊரை அறியவும் கேட்கிறோம். ஆங்கிலம் இந்த இரண்டையும் வினையின் வடிவத்திலேயே பிரித்துவிடும். ‘கமிங்’ என்றால் இப்போது நடக்கும் பயணம். ‘ஐ கம் ஃப்ரம் திருவாரூர்’ என்றால்தான் சொந்த ஊர். சென்னைக்கு வந்து இருபது வருடம் ஆனாலும் அந்த ‘கம்’ அப்படியேதான் இருக்கும்.

சொற்களுக்கும் இதே கணக்கு. ‘கேட்டமரான்’ நம் கட்டுமரத்திலிருந்து போன சொல். போய் முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அது ‘கம்ஸ் ஃப்ரம் தமிழ்’ என்றே எழுதுவார்கள், பிறப்பிடம் இன்றும் அதுதானே!

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். தமிழில் இடத்துக்கு ‘இருந்து’, காரணத்துக்கு ‘ஆல்’. கவனக்குறைவால் வந்த தவறு என்கிறோம். அந்த ‘ஆல்’ அப்படியே ‘பை’ ஆகி, அலுவலக மெயிலில் ‘தி மிஸ்டேக் கேம் பை’ என்று போய் நிற்கிறது. ‘கம்’ வந்தால் காரணத்துக்கும் ‘ஃப்ரம்’தான்: ‘தி மிஸ்டேக் கேம் ஃப்ரம் நாட் செக்கிங் தி டேட்.’ பின்னால் வரும் வினை ‘செக்’ அல்ல, ‘செக்கிங்’.

அதற்காக எல்லாக் காரணத்துக்கும் இதைப் போடாதீர்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று ஊறி வருவதாக நினைக்க முடிந்தால் பொருந்தும்: வாசனை, சத்தம், பணம், பயம். மழையால் ரயில் தாமதம் என்றால் ‘தி டிலே வாஸ் காஸ்டு பை ரெயின்’ என்பதே இயல்பு. இங்கே ‘பை’ சரி.

அப்புறம், ஊரைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: ‘ஐ கம் ஃப்ரம் திருவாரூர், பட் ஐ லிவ் இன் வேளச்சேரி நவ்.’